சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த காகிதம்

மேல் டிவிசன்,
நோட்டன் பிரிட்ஜ்.
20.08.2025

அன்பு மகன் துஷாந்துக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அந்தக் கட்டார் வெயிலில் உனக்கும் உன்னோடு அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நோவும் வரக்கூடாது என்று மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே பதினைந்து நாளாக விடாத மழை, துணி காயவில்லை, விறகு எரியவில்லை, மற்றபடி நானும் தங்கச்சியும் நன்றாக இருக்கிறோம். அப்பாவைப் பற்றி அப்படி ஒரே வரியில் எழுதிவிட முடியாது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நான் சொல்லச் சொல்ல தங்கச்சி நிஷாந்தி எழுதுகிறாள், என் பேச்சை அவள் எழுத்துத் தமிழுக்கு மாற்றினாலும் விசயத்தை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். நம் லயத்துக் காம்பராவில் போன் பேசினால் இந்தப் பக்கம் மூன்று வீடு, அந்தப் பக்கம் மூன்று வீடு கேட்கும், அதோடு அப்பாவும் வீட்டிலேயேதான் இருக்கிறார். அடுத்த காம்பரா சுமன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் உறையை ஒட்டிக் கொடுத்து விடுகிறேன். நீ தனியாக இருக்கும்போது பிரித்து வாசி. பாதியில் கோபம் வரும், வந்தாலும் கடைசி வரை வாசித்துவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும்.

அப்பாவுக்கு செப்டெம்பர் நான்காம் தேதி கண்டி ஆஸ்பத்திரியில் நெஞ்சு ஆபரேசன் என்பது உனக்குத் தெரியும். மூன்று குழாயில் அடைப்பு, செய்யாமல் விட்டால் மலை ஏற முடியாது, செய்தால் நல்லபடியாக வருவார், ஆனால் நூற்றுக்கு நூறு என்று யாராலும் சொல்ல முடியாது என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னதை தங்கச்சி அன்றே உனக்கும் சொல்லியிருக்கிறாள். அந்த நாளைக் குறித்துக் கொடுத்ததிலிருந்து இந்த வீட்டில் நடந்ததுதான் உனக்குத் தெரியாது. உன் தங்கச்சி பிரதேச செயலகத்தில் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அங்கே பார்ப்பதை வீட்டில் வந்து பேசுகிறவள் இல்லை, அவள் லேசில் வாய் திறக்காதவள் என்று உனக்குத் தெரியுமே. ஆனால் புருசன் செத்த பெண்கள் ஒரு ஷொப்பிங் பையில் கிழிந்த காகிதங்களைப் போட்டுக்கொண்டு அவள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பதும், இது இல்லை அது இல்லை என்று திருப்பி அனுப்பப்படுவதும், அடுத்த மாதம் அதே பையோடு வருவதும் அவள் மனதில் கிடந்திருக்கிறது. கண்டியிலிருந்து வந்த மூன்றாம் நாள் புதுசாக ஒரு நீல ஃபைல் வாங்கி வந்து அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக முன்னால் வீட்டுக் காகிதம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துவிடுவோம் என்றாள். அப்பா கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "என்னடி, கண்டிக்குப் போகங்காட்டியும் என்னையப் பொட்டியில வச்சு ஆணி அடிக்கப் பாக்குறியா" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டே, "பொட்டி இல்லப்பா, ஃபைலுதான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் இந்த மாதத்தில் வீட்டுக்குள் நான் கடைசியாகச் சிரித்தது.

காகிதங்களை எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கே பயம் வந்தது. தேயிலை பெக்டரியில் முப்பத்தெட்டு வருடம் உழைத்த அப்பாவின் ஈ.பி.எஃப். சேமநிதிப் பணத்துக்கு நாமினி யார் என்று எழுதவே இல்லை. ஆபீசில் அதற்கான விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்த ஒவ்வொரு தடவையும் நாளைக்கு நாளைக்கு என்று மடித்து வைத்திருக்கிறார், நான்கு பாரம் கிடைத்தது, நான்கும் வெறும் பாரம். நீ ஆறு வருடமாக வீடு கட்ட என்று அனுப்பிய பணம் கிடக்கிற வங்கிப் புத்தகம் அப்பா பெயரில் மட்டும். வீடு கட்ட அரசாங்கம் கொடுத்த ஏழு பேர்ச்சஸ் காணியின் பத்திரமும் அப்பா பெயரில் மட்டும். எதிலும் என் பெயர் இல்லை, நான் அவருடைய மனைவி என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. எங்களுக்குக் கோயிலில் மாலை மாற்றினது தொண்ணூற்றிரண்டு வைகாசியில். கினிகத்தேனைக்குப் போய்ப் பதிய வேண்டுமென்றால் இரண்டு பேருக்கும் ஒரு நாள் சம்பளம் போகும், அதனால் பிறகு பார்ப்போம் என்று விட்டது, இந்த லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான். நீ பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது உன் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற இடத்தில் இல்லை என்று இருப்பதைப் பார்த்தாய். ஒன்றும் கேட்காமல் மடித்து வைத்தாய். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் தம்பி.

சரி, இப்போதாவது பதிந்துவிடுவோம், அது இருந்தால் மற்ற எல்லாம் தானாகச் சரியாகும் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால் எனக்கு ஆசையாகவும் இருந்தது. நீ வாங்கி வந்த மாம்பழக் கலர் சேலையை எடுத்து வெளியில் போட்டேன். விசயம் எப்படியோ வெளியே போய், சுமனுடைய அம்மா தண்ணி பிடிக்கிற பீலியில் வைத்து, "மாப்பிள்ளைக்குப் பல்லு இருக்கான்னு பாத்துக்கக்கா, போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்லுவாங்க" என்று கேலி செய்தாள், நானும் "பொண்ணுக்கே ரெண்டு இல்ல" என்றேன். அப்பாதான் அசையவில்லை. இந்த வயதில் ஊர் சிரிக்கும் என்றார், மழை என்றார், ஆபரேசன் முடியட்டும் என்றார். நாலு நாள் பொறுத்து நானே பதிவுகாரரைப் போய்ப் பார்க்கிறேன் என்றதும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனார். நெஞ்சு வலிக்காரரோடு சண்டை பிடிக்கவும் பயம், விடவும் பயம். தங்கச்சி மட்டும் ஒன்றைக் கவனித்திருக்கிறாள். பதிவு என்ற பேச்சு வரும்போதெல்லாம் அப்பா முருகன் படத்தைப் பார்க்கிறார் என்று என்னிடம் சொன்னாள். சாமியைப் பார்க்கிறாராக்கும் என்று நான் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை படத்தைக் கழற்றித் துடைத்தபோது பின் அட்டை உப்பியிருந்தது. தைத்திருந்த ஆணியை நிமிர்த்தினேன். உள்ளே மஞ்சளாகிப்போன ஒரு விவாகச் சான்றிதழ், ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து நான்கு மாசி மாதத்தியது. நான் ஐந்தாம் வகுப்பு, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மணமகன் பழனியாண்டி என்று இருந்தது. மணமகள் ஜீவராணி என்று இருந்தது. இந்த இடத்தில் தங்கச்சி பேனாவை வைத்துவிட்டாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பாவிடம் படத்தையும் காகிதத்தையும் சேர்த்து மடியில் வைத்தேன். அவர் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னார். அப்போது அவருக்கு இருபது வயது, ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாமா வீட்டில் இருந்தார், தாய் தகப்பன் இல்லை. எண்பத்து மூன்று கலவரம் முடிந்த மறு வருடம், எல்லோரும் இந்தியாவுக்குப் போய்விட்டால் போதும் என்று இருந்த காலம். அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் இல்லை. அதே தோட்டத்தில் பாஸ்போர்ட் இருந்த ஒரு விதவைத் தாய்க்கும் மகளுக்கும் துணைக்கு ஆம்பிளை இல்லை. மாமாவும் அந்தத் தாயும் பேசி, மகளுக்குப் புருசன் என்று பதிந்தால் மூன்று பேரும் ஒரே குடும்பமாகக் கப்பல் ஏறலாம், அந்தப் பக்கம் போய் இறங்கியதும் அவரவர் வழியைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்களாம். தாலி இல்லை, மாலை இல்லை, கச்சேரி ஆபீசில் கையெழுத்து மட்டும். அந்தப் பெண்ணை அதற்கு முன் ஒரு தடவை, அன்று ஒரு தடவை, இரண்டே தடவைதான் பார்த்தார். காகிதம் எல்லாம் தயாராவதற்குள் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. அவர் இந்தப் பக்கம் வேலை தேடி வந்துவிட்டார், அவளுக்கு அந்தத் தோட்டத்திலேயே வேறு ஒருவரோடு கோயிலில் கல்யாணம் நடந்தது. பதிந்ததை அழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றினாலும் எங்கே போய் அழிப்பது என்று யாருக்கும் தெரியாது. என்னைக் கட்டும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ வந்திருப்பியா" என்றார். வந்திருக்க மாட்டேன் என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. மறுநாள் கொழுந்துக்குப் போனேன், கை ஓடவில்லை, பதினோரு கிலோதான். "என்ன அம்மாக்கண்ணு, இன்னைக்குக் கொழுந்த எண்ணி எண்ணிப் பறிச்சியா" என்று கேட்டுவிட்டு கங்காணி அரைப் பேர் போட்டார், அரை நாள் சம்பளம்தான். முப்பத்து மூன்று வருடம் இந்த மனிதருக்குப் பொங்கிப் போட்டேன், அதற்கும் சட்டத்தில் அரைப் பேர்கூட இல்லையே என்று மலையில் நின்று நினைத்தேன்.

தங்கச்சி என்னை ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மகாலிங்கம் என்று ஒரு சட்டத்தரணி, யாழ்ப்பாணத்துக்காரர், பத்திரம் எழுதுகிற நொத்தாரிசும் அவரே. காகிதத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அம்மா, குறை நினைக்காதேங்கோ, இது உயிரோட இருக்கிற கலியாணம். இதை வெட்டாமல் உங்களைப் பதிஞ்சால் அது குற்றம்" என்றார். வெட்டலாமே என்றேன். கோர்ட்டுக்குப் போக வேண்டும், மாதக் கணக்காகும், செப்டெம்பர் நாலுக்குள் நடக்காது என்றார். இப்படியே விட்டு அப்பாவுக்கு ஏதாவது ஆனால் என்ன நடக்கும் என்று தங்கச்சி கேட்டாள், அவள் வாய் திறந்து கேட்டதே எனக்கு ஆச்சரியம். சொத்தில் பாதிக்கு அந்த அம்மாதான் உரித்துக்காரி என்று சட்டம் பார்க்கும், மிச்சத்துக்கும் இந்தப் பிள்ளைகள் கோர்ட்டுப் படி ஏறித்தான் நிற்க வேண்டும், உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றார். நீ வெயிலில் நின்று அனுப்பிய பணம் தம்பி, முகம் தெரியாத ஒருத்திக்குப் பாதி. அவர் செத்தால் தாலி அறுக்கிறது நான், விதவை என்று எழுதப்படுகிறது அவள். எனக்கு அந்தக் கதிரையில் உட்கார முடியவில்லை. மகாலிங்கம் ஐயா தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வழி ஒன்று சொன்னார். அப்பா சுயநினைவோடு மரண சாசனம் ஒன்று எழுதி இரண்டு சாட்சிக்கு முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும், மனைவிக்கு என்று எழுதாமல் பெயரைச் சொல்லி எழுத வேண்டும். "மனுசி எண்டு நிரூபிக்கத் தேவையில்லை, அம்மாக்கண்ணு எண்டு நிரூபிச்சால் காணும்" என்றார். ஈ.பி.எஃப். நாமினியும் அப்படியே பெயரைப் போட்டு நிரப்ப வேண்டும், வங்கிப் புத்தகத்தை யார் போனாலும் மற்றவர் எடுக்கக்கூடிய மாதிரி இரண்டு பேர் பெயருக்கு மாற்ற வேண்டும், விவாகரத்தைப் பிறகு பார்க்கலாம்.

உயிர் வந்த மாதிரி வீட்டுக்கு வந்து சொன்னால், அப்பா கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறார். எல்லாவற்றையும் என் பெயருக்குத்தான் எழுதுவாராம், அதில் ஒரு யோசனையும் இல்லையாம், ஆனால் "அந்தப் புள்ளைக்குத் தெரியாம வைக்க மாட்டேன். அன்னைக்கு அவளும் நம்பித்தான் கையெழுத்துப் போட்டா" என்றார். அந்தப் புள்ளை. நாற்பத்தொரு வருடம் கழித்தும் அந்தப் புள்ளை. நான் பேசக்கூடாததெல்லாம் பேசினேன், இங்கே எழுத வேண்டாம் என்று தங்கச்சி கையைக் காட்டுகிறாள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும்தான் நிறுத்தினேன். மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். ஆபரேசனுக்கு அப்போது இருபத்து மூன்று நாள் இருந்தது. அவரால் ராகலை வரை போக முடியாது, போகாமல் கையெழுத்தும் வைக்கமாட்டார். அப்படியென்றால் நான்தான் போக வேண்டும் என்று விளங்கியது. தங்கச்சி லீவு போட்டாள். ஹட்டனுக்கு ஒரு பஸ், நுவரெலியாவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ராகலைக்கு ஒரு பஸ். வழி முழுக்க அந்தப் பொம்பிளையிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பாதி கேட்பாளோ, கால் கேட்பாளோ, உன் பணத்துக்கு இத்தனை நாள் காத்திருந்தாளோ என்றுதான் புத்தி போனது.

அந்தத் தோட்டத்தில் விசாரித்துக்கொண்டு போனபோது ஜீவராணி மரக்கறி லொறிக்காரர்களுக்கு லீக்ஸ் கழுவிக் கட்டுகிற இடத்தில் இருந்தாள். என்னைவிட ஆறேழு வயது மூப்பு, கை இரண்டும் குளிர்த் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது, நெற்றியில் பொட்டு இல்லை. நோட்டன் பிரிட்ஜ் பழனியாண்டி வீட்டிலிருந்து வருகிறோம் என்று தங்கச்சி சொன்னதும் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தாள். "செத்துட்டாரா" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நல்லவேளை, இன்னொரு தடவ என்னால முடியாது" என்றாள். எனக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாயில் உட்கார வைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னாள். அவள் புருசன் வீரய்யா போன வருடம் ஆனியில் தேயிலை மலையில் விழுந்து செத்தார். அவருடைய ஈ.பி.எஃப். எடுக்கப் போனபோது விவாகச் சான்றிதழ் கேட்டார்கள். கோயிலில் கட்டினது, இப்போது என்ன செய்யலாம் என்று போய் விசாரித்தபோதுதான் அவள் வேறு ஒருவருடைய மனைவி என்று பதிவுப் புத்தகத்தில் இருப்பது வெளியே வந்தது. வீரய்யாவின் தம்பிமார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பணம் அவர்கள் பக்கம் போய்விட்டது. காம்பராவிலிருந்தும் எழுந்திரு என்றார்கள், மகள் அழுது நின்றதால் அதை மட்டும் விட்டார்கள். என் வீட்டுக்காரர் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டு, இருக்கிற இடத்தையும் விசாரித்து வைத்துக்கொண்டு, ஒரு வருடம் அவள் எங்களைத் தேடி வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டேன். "வந்து என்னன்னு சொல்றது. நல்லா இருக்கிற குடும்பத்துல போய் நான் ஓங்க வீட்டுக்காரரு பொண்டாட்டின்னா" என்று கேட்டுவிட்டு, "அதுலயும் ஆளு மூஞ்சி வேற நாபகம் இல்ல" என்றாள். நான் தேத்தண்ணியைக் குடிக்கிற மாதிரி முகத்தைக் கோப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது நினைத்ததெல்லாம் வெட்கமாக இருந்தது தம்பி. நான் எதற்குப் பயந்து மூன்று பஸ் ஏறினேனோ அது அவளுக்கு ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது.

மரண சாசனம் என்றால் என்ன என்று தங்கச்சி அவளுக்கு நிதானமாகச் சொன்னாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நானும் எழுதணும்ல. நான் செத்தா என் சீட்டுக் காசுக்கும் ஓங்க அப்பாதான வந்து நிப்பாரு" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அவளிடம் இருக்கிறது அந்தச் சீட்டுக் காசும் ஒரு சமுர்த்திச் சேமிப்புப் புத்தகமும் இரண்டு தோடும், அதுவும் அவள் மகளுக்கு முழுதாகப் போய்ச் சேராது. ஆகையால் போன திங்கட்கிழமை, பதினெட்டாம் தேதி, நான்கு பேரும் ஹட்டனில் மகாலிங்கம் ஐயாவின் வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அப்பா அவளைப் பார்க்காமல் குடையை விரித்துக் காய வைக்கிற மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டார். "மடக்குங்க, பயப்படாதீங்க, இந்தியாவுக்கா கூப்புடப் போறேன்" என்றாள் அவள். அப்பா குடையை மடக்கினார். "வீரய்யா விசயம் தெரியாது தாயி" என்றார். ஐயா எழுதி வாசிக்கும்போது என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, இன்னார் என்று ஏதாவது சொல்லி எழுத வேண்டுமா, மனைவி என்று மட்டும் எழுத இயலாது என்றார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "பேர மட்டும் போடுங்க. அம்மாக்கண்ணுன்னா யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார். கையெழுத்து வைத்தபோது சாட்சிக்கு வந்த பக்கத்துப் போட்டோக் கடைப் பொடியன்கள் இரண்டு பேரும் ஒன்றும் விளங்காமல் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விவாகரத்து வழக்குக்கும் இரண்டு பேரும் அன்றே சம்மதம் எழுதிக் கொடுத்தார்கள், அப்பா எழுந்து நடமாடினதும் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

நாமினிப் பாரமும் நேற்று ஆபீசில் கொடுத்தாயிற்று, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை குத்திய பிரதி இருக்கிறது. வங்கிப் புத்தகம் மட்டும் பாக்கி, அப்பாவும் நேரில் வர வேண்டும் என்கிறார்கள், அவரால் ஹட்டன் பஸ்ஸில் இன்னொரு தடவை ஏறி இறங்க முடியுமா என்று தெரியவில்லை, திங்கட்கிழமை எப்படியாவது ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போகிறோம். அது முடியும் வரை நீ அந்தப் புத்தகத்துக்கு ஒரு சதம் அனுப்ப வேண்டாம். அனுப்புகிறதை உன் பெயரில் இருக்கிற கணக்கிலேயே போட்டு வை. நீல ஃபைல் அலுமாரியில் மேல் தட்டில், சாவி தங்கச்சியிடம் ஒன்று, வீட்டுச் சாமி மணிக்குப் பக்கத்தில் தொங்கும் பையில் ஒன்று. மரண சாசனத்தின் மூலப்பிரதி மகாலிங்கம் ஐயாவிடம், அவர் போன் நம்பரைக் கடிதத்தின் பின் பக்கம் தங்கச்சி எழுதுவாள். அடகில் இருக்கிற என் சங்கிலிக்குக் கொடுத்த துண்டுச் சீட்டு, சீதேவி என்று நான் ஒளித்து வைத்த பழைய ஐந்நூறு ரூபாத் தாள்கள், யார் யாருக்கு நாம் கொடுக்க வேண்டும் யார் நமக்குத் தர வேண்டும் என்ற விவரம், எல்லாம் அதற்குள் இருக்கிறது. உன் அப்பாவும் நானும் இனி எதையும் படத்துக்குப் பின்னால் வைக்கப்போவதில்லை.

இப்போது உன் விசயத்துக்கு வருகிறேன். நீயும் தனுஜாவும் தை மாதம் கோயிலில் தாலி கட்டினீர்கள். உன் லீவு இருபது நாள்தான், பதிவை அடுத்த லீவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவள் நானே. அந்தச் சொல்லை இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளை கினிகத்தேனையில் அவள் அம்மா வீட்டிலிருந்துகொண்டு பார்மசி வேலைக்குப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போகிறாள், உனக்கு ஏதாவது ஒன்று ஆனால் அவளும் ஷொப்பிங் பையோடு ஒரு மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். அப்படி ஒன்றும் ஆகாது, என் வாயில் வரக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். போகும்போது உன் கம்பனி இன்சூரன்ஸ் பாரத்தில் நாமினி என்ற இடத்தில் என் பெயரைப் போட்டாய், அன்று எனக்குப் பெருமையாக இருந்தது, தண்ணிப் பீலியில் எல்லோருக்கும் சொன்னேன். அதை எடுத்துவிட்டு தனுஜா பெயரைப் போடு. உறவு என்ன என்று கேட்டு ஏதாவது சிக்கல் வந்தால் முதலில் பெயரை எழுதிக் கொடு, உறவை அடுத்த லீவில் கச்சேரிக்குப் போய் எழுதிக்கொள்ளலாம். பிரதியை எனக்குப் போட்டோ பிடித்து அனுப்பு. அதைப் பார்த்த பிறகுதான் அப்பாவோடு நான் கண்டி வண்டியில் ஏறுவேன்.

அப்பா போனில் பேசும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேள். உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவர் அதிகம் பயந்தார், பிள்ளைகளுக்குத் தெரிந்தால் மதிக்க மாட்டார்கள் என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு இன்னும் கோபம் முழுதாகப் போகவில்லை, அது ஆபரேசனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன், அதற்காகவாவது அவர் திரும்பி வர வேண்டும். நான்காம் தேதி காலையில் நீ வேலைக்குப் போக முன்னால் ஒரு சூடம் கொளுத்து. சுமனிடம் இடியப்ப மாவும் கருவாடும் கொடுத்திருக்கிறேன், அறைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே. மாரியம்மன் உன்னையும் தனுஜாவையும் நீண்ட ஆயுளோடு, ஒரே வீட்டில், ஒரே காகிதத்தில் வைத்திருக்க வேண்டும்.

எப்போதும் கடைசியில் அம்மா என்று தங்கச்சியையே எழுதச் சொல்லி விட்டுவிடுவேன். இந்தத் தடவை பேனாவை நான் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
அம்மாக்கண்ணு